நுரை நின்ற பிறகு

கழுவுகிற விஷயத்தில் தங்கமாரிக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சென்னையை ஒட்டிய ஒரகடத்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. முதலில் ஒரு கேண்டீனில் பாத்திரம், அப்புறம் ஒரு விடுதி, கடைசி இரண்டு வருஷம் ஒரு சின்ன மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளும் பிளாஸ்டிக் கேன்களும். அடுத்தவர் கழுவி வைத்த சொம்பை மறுபடி ஒருமுறை கழுவாமல் அவளால் தண்ணீர் மொள்ள முடியாது. அப்படிப்பட்டவள் கையால்தான் அது நடந்தது.

அவளிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. நுரை நிற்கும்வரை அலசு. நுரை நின்றால் சுத்தம். கூடத்திலும் அதுதான் சட்டம். சூப்பர்வைசர் முனிரத்தினம் வாசலில் நின்றே கேட்பார்: "நுரை பூட்ச்சா? அப்போ கவுத்து வை."

அங்கே செய்த மருந்து விசித்திரமானது. தங்கமாரி சேர்ந்த முதல் வாரத்தில், ஆய்வுக்காரப் பெண் பிரவீனா இரண்டு வெள்ளைப் பொடிகளை ஒரு குடுவையில் போட்டு லேசான சூட்டில் கலக்கினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. பொடிகள் இரண்டும் தானாகவே உருகி, தேன் பதத்தில் எண்ணெயாக நின்றன. உப்பும் சீனியும் சேர்ந்து எங்காவது தேனாகுமா? தங்கமாரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கக்கா," என்று பிரவீனா சிரித்தாள். "ஒண்ணு பல்லு புடுங்குறப்போ மரக்குறதுக்குப் போடுற மருந்து. இன்னொண்ணு வலி மருந்து. ரெண்டும் கைகோர்த்துக்கிட்டா ஒரு மாதிரி உப்பு ஆயிடும். ஆனா கட்டியா நிக்காது, எண்ணெய் மாதிரி உருகிடும். தோல்ல தடவுனா சீக்கிரம் உள்ள இறங்கும்."

அந்த எண்ணெய் ஒட்டிய கேனில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் சோப்பு போட்டதுபோல நுரைத்தது. தங்கமாரிக்கு நிம்மதியாகிவிட்டது. நுரைக்கிறதா, அப்படியானால் இது சோப்புக்குத் தம்பி. சோப்பை எப்படிச் சமாளிப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலி கேன்களைக் கழுவி, கம்பியால் அடியில் ஓட்டை போட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும். யாரும் அதில் தண்ணீர் பிடித்து வைத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. ஓட்டை போடுகிற வேலையும் தங்கமாரியுடையதுதான். ஒரு சனிக்கிழமை, இருபது லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்று, கீறல்கூட இல்லாமல் அவள் கைக்கு வந்தது. படப்பையில் அவள் வாடகைக்கு இருந்த அறைக்கு ஊரிலிருந்து தங்கை கவியா வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. செல்போன் கம்பெனியில் நைட் ஷிப்ட். இரண்டு பேருக்கு ஒரு குடம் போதவில்லை. கேனைப் பத்துத் தடவை அலசினாள். நுரை குறைந்தது, பிறகு அறவே நின்றது. அதற்கு மேலும் இரண்டு தடவை அலசினாள், திமிர்தான். கம்பி சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. கேன் துணிப்பைக்குள் போயிற்று.

திங்கட்கிழமை விடியலில் அதில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வேலைக்கு வந்தாள். பதினோரு மணிக்கு டீ. கழுவுமிடத்துக்கு வெளியே எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. கவியா.

"எக்கா, நாக்கு என்னமோ மரத்துப்போயிக் கெடக்கு. ஒதடு இருக்கா இல்லையான்னே தெரியல. எந்திரிச்சதும் தண்ணி குடிச்சேன், வேற ஒண்ணும் திங்கல." பேச்சு குழறியது. "தண்ணி கசந்துச்சு. இந்த ஊரு தண்ணி எப்பமும் அப்படித்தானன்னு குடிச்சிட்டேன்."

தங்கமாரிக்குச் சட்டென்று பிடிபட்டது. பல் பிடுங்கும்போது போடுகிற மருந்து. கேன். ஆனால் நுரை நின்றதே! கண்ணால் பார்த்தாளே! சுற்றிலும் பார்த்தாள். நாலடி தூரத்தில் முனிரத்தினம் டீயை ஊதிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் கேன் திருடி. கான்ட்ராக்ட் ஆள், மாலைக்குள் கேட்டுக்கு வெளியே. மூன்று மூச்சு நேரம் அவள் பேசவில்லை. பின்னால் அவளைத் தூங்கவிடாமல் அரித்தது அந்த மூன்று மூச்சுதான்.

போனில் இப்போது வேறு குரல். வீட்டுக்காரம்மா ஞானம்மா. நல்ல மனசுக்காரி, அந்தத் தெருவில் யார் தும்மினாலும் முதலில் ஓடி வருவது அவள்தான்.

"இன்னா தங்கம், நீ ஒண்ணும் பயப்படாத. பித்தமா இருக்கும். நெறைய தண்ணி குடிச்சா எல்லாம் கழுவிக்கினு பூடும். ஒரு சொம்பு குடுத்துட்டேன், இன்னொரு சொம்பு ஊத்திக்கினு கீறேன்."

"எதுலருந்து ஊத்துதீக?"

"உன் கேன்ல இருந்துதாம்மா."

"குடுக்காதீக!" தங்கமாரி போட்ட கூச்சலில் முனிரத்தினத்தின் டீ சட்டையில் கொட்டியது. "அந்தத் தண்ணியக் குடுக்காதீகம்மா! அது கம்பெனி கேனு! மருந்து கேனு! நாந்தான் எடுத்துட்டு வந்தேன்!"

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

உள்ளேயிருந்து ஓடிவந்த பிரவீனா போனைப் பிடுங்கினாள். "அம்மா, நல்லா கேளுங்க. இனிமே தண்ணி, கஞ்சி, எதுவுமே வாயில வைக்கக் கூடாது. தொண்டை மரத்திருந்தா புரையேறி மூச்சு அடைச்சிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நாங்க வர்றோம்." திரும்பி, "என்ன மருந்துன்னு தெரியாம டாக்டரால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு," என்றாள்.

பிரவீனாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனது தங்கமாரிக்குச் சரியாக நினைவில்லை. வல்லக்கோட்டை முருகன் கோயில் இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டதும், "முருகா, என் நாக்க எடுத்துக்க, அவள விட்டுரு" என்று வாய்விட்டுச் சொன்னதும் மட்டும் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கவியாவின் மார்பில் ஒயர்களை ஒட்டியிருந்தார்கள். இந்த மருந்து அளவு மீறினால் இதயம் தடுமாறும், வலிப்புகூட வரும் என்றார் டாக்டர். பொறுத்துப் பார்க்க வேண்டுமாம். கவியா எச்சிலை விழுங்கப் பயந்து துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கண் மட்டும் நிறைந்தது.

வெளியே பெஞ்சில் தங்கமாரி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "நுரை நின்னுச்சும்மா. சத்தியமா நின்னுச்சு."

"நிக்கும்க்கா," என்றாள் பிரவீனா. அவள் முகமும் வெளிறியிருந்தது. "தண்ணில அது நிறைய இருந்தா கூட்டங்கூட்டமா சேர்ந்துக்கும், நுரைக்கும். நீங்க தண்ணி ஊத்த ஊத்தக் கூட்டம் கலைஞ்சு தனித்தனியா பிரிஞ்சிடும். நுரை நிக்கும். ஆனா மருந்து இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்டிக்ல ஒட்டிக்கிட்டது வேற, நின்ன தண்ணில மெல்ல இறங்கியிருக்கு. எனக்கு இது தெரியும். நுரை நின்னா கவுத்து வைன்னு முனிரத்தினம் சார் உங்ககிட்ட சொன்னதையும் தினம் கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

நான்கு மணிக்குக் கவியா உதட்டைக் கடித்துப் பார்த்து, "வலிக்குக்கா," என்றாள். வலிக்கிறது என்ற வார்த்தை அவ்வளவு இனிக்கும் என்று தங்கமாரி நினைத்ததே இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

வேலை போயிற்று. அது அவள் எதிர்பார்த்ததுதான். கேன்களை எப்படிக் கழுவுவது என்று கூடத்தில் புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள் என்று பிரவீனா போனில் சொன்னாள். கழுவிய தண்ணீரைச் சோதித்துப் பார்த்துத்தான் இப்போது கவிழ்க்கிறார்களாம்.

தங்கமாரி பழைய விடுதிக்கே பாத்திரம் கழுவப் போகிறாள். அந்த வெள்ளைக் கேனைக் கம்பியால் ஓட்டை மேல் ஓட்டையாகக் குத்தினாள். கடையில் புதுக் குடம் வாங்கினாள். இருந்தும் தினமும் காலையில், கவியா ஷிப்ட் முடிந்து வந்து சொம்பை நீட்டும்போது, தங்கமாரி முதலில் தான் ஒரு வாய் குடித்துவிட்டு நிற்பாள். தண்ணீர் தெளிவாக இருக்கும். நுரை இருக்காது. முன்பு நிம்மதி தந்தது அதுதான். இப்போது அதைப் பார்த்தால்தான் பயம். நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே மனதுக்குள் நூறுவரை எண்ணுவாள்.

"எக்கா, தவிக்குது. குடிக்கட்டுமா?"

"பொறுட்டி," என்பாள். "இன்னும் கொஞ்சம் பொறு."