பெயரை மறைத்துத் தைத்த மூன்று தையல்

1. டெமோ துணி

சிகந்தராபாத்தில் தையல் மிஷின் விற்கும் கடையில் நான் டெமோ வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு வாடிக்கையாளர் என்னைத் திணறடித்துவிட்டார். கடையில் மூன்று கம்பெனி மிஷின்கள் இருந்தன. வருகிறவர்கள் எதைக் கேட்டாலும் உட்கார்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும். கடை முதலாளி, எங்கள் சேட், அதற்கென்றே ஒரு கட்டுத் துணி கொடுத்திருந்தார். கஞ்சி போட்ட காட்டன், இரண்டு மடிப்பு. அதில் எந்த மிஷினும் முத்துக் கோத்த மாதிரி தைக்கும்.

வந்த அம்மாள் அந்தத் துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தன் பையிலிருந்து ஜார்ஜெட்டை எடுத்து, "இதுல தெச்சுக் காட்டும்மா" என்றார். தைத்தேன். மேலே துணி சுருங்கியது, அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. சேட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாள் கோபப்படவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இதுக்கு மெல்லிசு ஊசி வேணும். நூல் டென்ஷனையும் கொஞ்சம் பாரு" என்றார். ஊசியை மாற்றி டென்ஷனைச் சரி செய்தோம். தையல் வந்தது. அதே மிஷினை வாங்கிக்கொண்டும் போனார்.

கம்பெனி கொடுக்கும் துணியில் எந்த மிஷினும் தோற்காது என்று அன்றைக்குப் புரிந்தது. அதிலிருந்து என் பையில் ஒரு பழைய ஜீன்ஸ் கால், ஜார்ஜெட் துண்டு, யூனிஃபார்ம் துணி மூன்றும் எப்போதும் இருக்கும். கணவர் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு டூல்ஸ் கொண்டுபோவார், நான் கடைக்குக் கந்தல் கொண்டுபோகிறேன் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

2. சேட்டின் பேங்காக்

சில வருஷம் முன்னால், கோடை ஆரம்பித்த சமயம். சேட் என்னைக் கூப்பிட்டார். அவர் பேசுவது ஹைதராபாத் தக்னி உருது கலந்த ஹிந்தி, தமிழில் எழுதுகிறேன்.

"கல்யாணியம்மா, மல்காஜ்கிரியில லேடீஸ் சேர்ந்து தையல் யூனிட் ஆரம்பிக்கிறாங்க. ஆறு மிஷின் வேணுமாம். ஆறும் வெள்ளை மிஷினாவே போகணும்."

எங்கள் கடையில் யாரும் கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டோம். கறுப்பு என்றால் காலால் மிதிக்கும் பழைய மாடல் இரும்பு மிஷின். வெள்ளை என்றால் ஜப்பான் கம்பெனியின் கம்ப்யூட்டர் மிஷின். பவர் என்றால் கார்மென்ட் ஃபேக்டரியில் ஓடும் மோட்டார் மிஷின். அந்த சீசனில் வெள்ளை மிஷின் அதிகம் விற்கும் டீலர்களைப் பேங்காக் கூட்டிப்போவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. சேட் பூப்போட்ட சட்டைகூட வாங்கி வைத்துவிட்டார்.

"அவங்க என்ன தைக்கப் போறாங்க சேட்?"

"என்னமோ தைக்கட்டும். நீ வெள்ளையை ஓட்டிக் காட்டு."

3. மூன்று பேர், மூன்று கட்சி

யூனிட் இருந்தது ஒரு வீட்டின் மாடி ஹாலில். அந்த வீடு ராஜேஸ்வரி மேடமுடையது. மத்திய அரசு ஆபீஸிலிருந்து ரிட்டையர் ஆனவர். பக்கத்து ஸ்கூலில் பேசி யூனிஃபார்ம் ஆர்டரை வாங்கியதும் அவர்தான். ஜூனில் ஸ்கூல் திறக்கும்போது பிள்ளைகள் உடம்பில் புது யூனிஃபார்ம் இருக்க வேண்டும். தவறினால் ஆர்டர் மறுபடி கிடைக்காது.

நான் படியேறும்போதே சண்டை கேட்டது.

"பட்டனை அழுத்தினா போதும், அதுவே காஜா போட்டுடும். நம்ம கிட்ட இருக்கிறவங்க பாதிப் பேர் புதுசு. வெள்ளைதான் சரி" என்றார் ராஜேஸ்வரி மேடம்.

எல்லோரும் ஆபா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் ஷாநாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. லாலாகுடா குவார்ட்டர்ஸில் தமிழ்க்காரர்கள் நடுவே வளர்ந்தவர், புர்கா தைத்தே மூன்று பெண்களுக்கு நிக்காஹ் செய்து வைத்தவர். "பிளாஸ்டிக் நக்கோ, வேணாம் மேடம். பேன்ட் பெல்ட் கிட்ட எத்தனை மடிப்பு வருது? ஊசி டப்புன்னு உடையும். கறுப்பு மாதிரி வருமா? கரன்ட் போனாலும் ஓடும்."

மூன்றாவது ஆள் அனிதா. பாலாநகரில் கார்மென்ட் யூனிட் ஒன்றில் வேலை பார்த்தவள். தமிழ் வீட்டுப் பெண்தான், ஆனால் தமிழில் கேட்டால் தெலுங்கு கலந்துதான் பதில் வரும். "ஆன்ட்டி, அவி ரெண்டூ வேஸ்ட். பவர் மிஷின் இல்லாம ஜூனுக்கு முடியாது."

ஷாநாஸ் ஆபா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அப்போ நீங்களே தெச்சுக்குங்க." அங்கே பேன்ட் கட்டிங் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அவர் படி இறங்கினால் யூனிட்டும் இறங்கிவிடும்.

எனக்குப் பகீரென்றது. "ஆபா, ஒரே ஒரு நாள் பொறுங்க. மூணு மிஷினையும் இங்கேயே கொண்டுவர்றேன். எது தைச்சதுன்னு சொல்லாம தைச்சுத் தர்றேன். தையலைப் பார்த்து எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். சேட்டைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

4. உள் ரூம்

சேட் பத்து தடவை "கைக்கு?" என்று கேட்டார். எதற்குக் கறுப்பு, எதற்குப் பவர் என்று அர்த்தம். "வெள்ளை நல்லா தைச்சா அதுவே ஜெயிக்கும், பயப்படாதீங்க" என்றேன். வண்டி கொடுத்தார்.

மிஷின்களை உள் ரூமில் வைத்துக் கதவைச் சாத்தினேன். சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்று ஹாலில் டிவியைப் போட்டுவிடச் சொன்னேன். மூன்றுக்கும் புது ஊசி, ஒரே நூல், ஒரே யூனிஃபார்ம் துணி. டென்ஷனைப் பொறுமையாக வைத்தேன். சட்டைத் தோளும் பேன்ட் இடுப்பும் ஒவ்வொன்றிலும் தைத்தேன். இடுப்பில் தடிப்பு வந்த இடத்தில் வெள்ளை முனகியது, கையால் சக்கரத்தைச் சுற்றி ஏற்றினேன். கறுப்பு ஒன்றுமே நடக்காதது போலப் போனது. எந்தத் துண்டு எந்த மிஷின் தைத்தது என்று எனக்கு மட்டும் புரியும்படி சாக்பீஸால் உள்பக்கம் குறித்துக்கொண்டேன்.

மூன்று பேரும் நகத்தால் வருடினார்கள், இழுத்தார்கள், வெளிச்சத்தில் பிடித்தார்கள். இதுதான் நல்ல தையல், தான் சொன்ன மிஷின்தான் என்று ஆளுக்கு ஒன்றை எடுத்து நீட்டினார்கள். ராஜேஸ்வரி மேடமும் அனிதாவும் நீட்டியது கறுப்பு தைத்தது. ஷாநாஸ் ஆபா நீட்டியது வெள்ளை தைத்தது.

சாக்பீஸ் குறியைத் திருப்பிக் காட்டி எது எது என்று சொன்னேன். முதலில் சிரித்தது ஷாநாஸ் ஆபாதான். துணியை முகத்தில் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஹவ், ஆமா, இந்தப் பிளாஸ்டிக் என்னை ஏமாத்திடுச்சு" என்றார். மேடமும் சிரித்துவிட்டார். அனிதா மட்டும் தன் பவர் மிஷின் தைத்த துண்டை எடுத்து மறுபடி மறுபடி பார்த்தாள்.

"மூணுமே நல்ல தையல்தான், அதனாலதான் கண்டுபிடிக்க முடியல" என்றேன். "இனிமே தையலை விட்டுடுங்க. வேலையைப் பார்ப்போம்."

பேச்சு அப்போதுதான் வேலைக்குத் திரும்பியது. மறைப்பு இல்லாமல் ஆளாளுக்கு ஓட்டிப் பார்த்தார்கள். நீளத் தையல் அத்தனையும் பவரில் பறந்தது. காஜா வெள்ளையில் ஒரே மாதிரி விழுந்தது. இடுப்புப்பட்டிக்கும் கரன்ட் போகும் மத்தியான நேரத்துக்கும் கறுப்பு. முடிவில் நாலு பவர், ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. பவர் மிஷினில் கால் வைத்தால் ஓடிவிடும் என்று புதியவர்கள் பயந்தார்கள். மோட்டார் ஸ்பீடைக் குறைத்து வைத்துப் பழக்கினேன். அப்படியும் ஒருத்தி யூனிஃபார்ம் பினஃபோரோடு தன் துப்பட்டாவையும் சேர்த்துத் தைத்து, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். தையலைப் பிரிப்பதற்குள் எல்லோருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

ஸ்கூல் திறப்பதற்கு முந்தின வாரமே மூட்டைகள் போய்ச் சேர்ந்தன. அடுத்த வருஷமும் அவர்களுக்கே ஆர்டர்.

5. கடைக்குள் வந்த பலகை

சேட்டின் பேங்காக் பயணம் கைநழுவிப் போயிற்று. ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு அந்த யூனிட் பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தங்கைகளையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கடைக்குக் கூட்டிவர ஆரம்பித்தார்கள். சேட் என்னை அழைத்து, "அந்த மாதிரி தையல் துண்டு மூணு நம்ம கடையிலயும் மாட்டு. பேர் எழுதாதே" என்றார்.

பலகையில் ஒட்டி மாட்டினேன். ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து அவரே வந்து கண்ணை மூடித் தடவினார். முப்பது வருஷம் மிஷின் விற்ற கை. ஒன்றைத் தட்டி, "இது வெள்ளை" என்றார். அது பவர். மறுபடி தடவினார். அடுத்ததும் தப்பு.

கண்ணைத் திறந்து அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "கிஸ்கூ பீ நக்கோ போலோ" என்றார். யாரிடமும் சொல்லாதே என்று அர்த்தம். இப்போது அவரும் ரிட்டையர் ஆகிவிட்டார், அந்தப் பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு பேங்காக்கும் போய்வந்துவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்தக் கம்பெனி மிஷின் நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் உடனே பதில் சொல்லாதீர்கள். என்ன தைக்கப் போகிறீர்கள், வீட்டில் யார் யார் ஓட்டுவார்கள், ரிப்பேர் ஆனால் யார் வருவார்கள் என்று கேட்டுவிட்டு ஒரு ஸ்டூலைப் போடுங்கள். அவர்கள் பேசுவார்கள். பேசி முடிப்பதற்குள் எந்த மிஷின் என்று அவர்களே சொல்லியிருப்பார்கள். நீங்கள் ஊசி கோத்துக் கொடுத்தால் போதும்.