இடுப்புப் பட்டை

கொடைக்கானல் முதியோர் இல்லத்துக்கு வருமுன் பிரின்ஸி ஒரு லாட்ஜில் ரூம் சர்வீஸ் பார்த்தவள். ஒரே நாள் தங்குகிறவர்கூட அங்கே நினைத்த நேரத்துக்கு எழுவார், நினைத்ததைக் கேட்பார். இங்கே கடைசிவரை தங்க வந்தவர்களுக்கோ எழுவதும் குளிப்பதும் மணி அடித்தால்தான். என்ன அநியாயமோ! “என்ன வேணுங்க?” என்று கேட்கும் லாட்ஜ் பழக்கம் மட்டும் அவளை விடவில்லை. அதற்காகவே மேலாளர் ஸ்டீவனிடம் அடிக்கடி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கவுஞ்சியில் விவசாயம் பார்த்த பொன்னுச்சாமி இங்கே வந்து இரண்டு முறை விழுந்துவிட்டார். இடுப்பில் பட்டை போட்டு நாற்காலியோடு கட்டி வைக்கும்படி மகன் ஜெயமுருகன் போனிலேயே சொல்லிவிட்டான். அதிலிருந்து பெரியவருக்குச் சோறும் இறங்கவில்லை, பேச்சும் இல்லை. பிரின்ஸி கேட்டுக் கேட்டு ஒரே ஒரு பதிலைத்தான் வாங்க முடிந்தது.

“பின்னாடி பூண்டு போட்டிருக்காகல்ல, அதப் பாக்கணும் தாயி.”

பட்டையை அவிழ்த்து அவரைக் கூட்டிப்போக ஸ்டீவனிடம் மன்றாடினாள்.

“சரி, இன்னைக்கு ஒரு நாள் ட்ரை பண்ணு. விழுந்தார்னா மறுபடி பட்டைதான். அப்புறம் எங்கிட்ட வராத.”

பின்கட்டுப் படிகள் பனியில் நனைந்து கிடந்தன. கையைப் பிடிக்கப் போனாள், பெரியவர் தட்டிவிட்டார். விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று அவருக்கு எதிரே நின்று பின்னோக்கி இறங்கினாள்.

பாதிப் படி தாண்டியிருப்பார்கள். “அப்பா!” என்று மேலிருந்து ஒரு கத்தல். ஜெயமுருகன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பியதில் கால் வழுக்கியது. பிரின்ஸி தாங்கியும் முழங்கால் கல்லில் மோதி ரத்தம் கசிந்தது.

எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

ஜெயமுருகன் ஓடிவந்து அப்பாவைப் படியில் உட்காரவைத்தான். “நான் அப்பவே சொன்னேன்ல? எங்க அந்தப் பட்டை?”

ஸ்டீவன் அதை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தார். பொன்னுச்சாமி பட்டையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

“ஏலே, மாட்டக் கட்டுறதுன்னாக்கூட கழுத்தத் தடவிக் குடுத்துட்டுத்தான கட்டுவோம்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? விழுந்தா விழுந்துட்டுப் போறேன். கட்டிப்போட்டுட்டா அப்புறம் எனக்கு என்ன சோலி கெடக்கு?”

பெரியவர் மகன் தோளையே ஊன்றி எழுந்தார். அடுத்த படிக்குக் காலை நீட்டினார். கால் நடுங்கியது. பிரின்ஸி கீழ்ப்படியில் கைகளை விரித்து நின்றாள்.

ஜெயமுருகன் பட்டையைக் கீழே போட்டான்.

“பாத்து எறங்குங்கப்பா.”