ரோலண்டின் எண்ணில் பறந்த கோடை

டெல்வின் டோஸ்ட்ரூட் பள்ளிப் பேருந்து ஓட்டினார், அம்மாவைப் பார்த்துக்கொண்டார், சனிக்கிழமைகளில் பறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய அம்மா படுத்த படுக்கையான பிறகு குளிப்பாட்டி உடை மாற்றிவிடப் போனவள் நான். அப்போது அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகள் இருக்கும். அம்மா போன பிறகு ஒன்று. அதையும் அவர் கழுவி அங்கேயே வைத்துவிடுவார், அலமாரிக்குப் போகாது.

பறப்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். பகலில் மட்டும், வானம் தெளிவாக இருந்தால் மட்டும். இந்த வகைக்கு மருத்துவச் சான்று வேண்டாம், கார் உரிமம் போதும். அதனால் எங்கள் ஊர்க் கிழவர்கள் எல்லாரும் கடைசியில் இதில்தான் வந்து நிற்பார்கள். நெஞ்சில் லேசாக ஏதாவது இருக்கிறது என்று தோன்றினால் சான்று கேட்டுப் போகவே மாட்டார்கள். கேட்டு மறுத்துவிட்டால் கார் உரிமத்தை வைத்தும் பறக்க முடியாது. கேட்காமல் இருந்துவிட்டால் பறக்கலாம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

எங்கள் ஓடுபாதை சோளக்காட்டுக்கு நடுவே இருக்கிறது. ஆனாலும் மினியாபொலிஸ் நகரத்தின் பெரிய விமான நிலையத்தைச் சுற்றி முப்பது மைல் தூரத்துக்குப் போட்டிருக்கும் வளையத்துக்குள் அது விழுந்துவிட்டது. அந்த வளையத்துக்குள் பறக்கும் விமானம் தன் எண்ணையும் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் நொடிக்கு நொடி அறிவித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கு ஒரு கருவி பொருத்த வேண்டும். மின்சாரமே இல்லாத பழைய விமானங்களுக்கு விலக்கு உண்டு. டெல்வினுடையதில் மின்சாரம் இருந்தது.

"மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி எனக்கும் கட்டுறாங்க" என்று சொல்லிவிட்டு, விமானத்தின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார். ஒரு கோடை முழுக்கப் பறக்கவில்லை. சனிக்கிழமைகளில் விமானக் கொட்டகைக்குப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு வருவார்.

மறு வசந்தத்தில் ரோலண்ட் க்வாமே இறந்தார். டெல்வினுக்குப் பக்கத்துக் கொட்டகைக்காரர். சமையலறையில் நின்றபடியே இதயம் நின்றுபோனது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. விமானம் வைத்திருந்தவர் இறந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவர் மனைவி கொட்டகையைத் திறந்து காப்பி வைப்பாள். கூடப் பறந்தவர்கள் வந்து அந்த விமானத்திலிருந்து ஆளுக்கு ஒரு பாகம் வாங்கிக்கொண்டு போவார்கள். இதுதான் வேண்டும் என்று கேட்கக் கூடாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். ரோலண்டின் மனைவி ஆர்டிஸ், டெல்வின் கையில் வால் விளக்கைக் கழற்றிக் கொடுத்தாள். "இதுக்குள்ளதான் நம்பர் சொல்ற அந்தப் பாழாப்போன பெட்டி இருக்கு. போய்ப் பறந்து தொலை."

டெல்வின் அதைத் தன் விமானத்தின் வாலில் திருகினார். விளக்கு எரிந்தது. பல்பு மாற்றுவது போல வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். பெட்டிக்குள் ரோலண்டின் விமான எண் பதிந்து கிடந்தது. அதை மாற்றுவதற்கு ஆப் போடக்கூடிய ஃபோன் வேண்டும். டெல்வினிடம் இருந்தது மடக்கும் ஃபோன்.

அந்த ஜூன் மாதம் ஆர்டிஸுக்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை நடந்தது. நான் அவள் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். ஒரு சனிக்கிழமை அவளை நடைசட்டத்தைப் பிடித்து நடக்கவைத்துக்கொண்டிருந்தபோது அவள் ஃபோன் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திரையில் வரைபடம், அதன் மேல் ஊர்ந்துபோகும் ஒரு புள்ளி, பக்கத்தில் ரோலண்டின் எண். அவர் உயிரோடு இருந்தபோது ஃபோனில் ஒரு ஆப் போட்டுச் செய்துவைத்த ஏற்பாடு அது. அவர் கிளம்பினால் ஃபோன் சொல்லும். புள்ளி வீட்டுப் பக்கம் திரும்பியதும் இவள் இரவுச் சாப்பாட்டுக்கான ஹாட்டிஷ் தட்டை அடுப்புக்குள் தள்ளுவாள். இங்கே பைலட்டுகளின் மனைவிகள் பலரும் அப்படித்தான் நேரம் பார்ப்பார்கள்.

"ஆர்டிஸ், இன்னும் ரெண்டு சுத்து நடக்கணும்" என்றேன்.

"அது எறங்கட்டும்."

"யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன, டெல்வின்தான். வெளக்க நான்தானே குடுத்தேன். என் புருஷன் ரோலி இவ்வளவு நேராப் பறக்க மாட்டான், குடிச்சவன் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போவான்."

"அப்போ டெல்வின்கிட்ட சொல்லலாமே."

"சொன்னா மாத்திடுவான்."

புள்ளி திரும்பியபோது என்னிடம் ஹாட்டிஷை அடுப்பில் வைக்கச் சொன்னாள். மாட்டிறைச்சி, பீன்ஸ், காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு. நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். கோடை முழுக்கச் சனிக்கிழமைகள் இப்படியே போயின. அந்த நாட்களில் அவள் நன்றாக நடந்தாள் என்பதையும் சொல்லவேண்டும்.

ஆகஸ்டில் ஒரு நாள் இடிமேகம் வந்தது. அதைச் சுற்றிக்கொண்டு வந்த டெல்வின், பக்கத்து ஊர் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் ஓரமாக நுழைந்து வெளியே வந்துவிட்டார். அங்கே நுழையுமுன் கோபுரத்தை அழைத்துப் பேச வேண்டும். அவரைப் போன்ற பைலட் அதற்குத் தனியாகப் பயிற்சி பெற்றுக் கையெழுத்தும் வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. ஆனால் பெட்டி அறிவித்தது ரோலண்டின் எண்ணை. அதனால் விமானத் துறை அலுவலகத்திலிருந்து ஃபோன் ஆர்டிஸுக்கு வந்தது. அவள் அதை மேசைமேல் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

"ரோலண்ட் க்வாமே இருக்காருங்களா?"

"இருக்கார். லூத்தரன் சர்ச்சுக்குப் பின்னால, வேலியோரமா. நேர்ல போனா பாக்கலாம், பேச்சுதான் கொடுக்க மாட்டார்."

அந்த ஆள் விஷயத்தைச் சொன்னார். கருவி எந்த விமானத்தில் இருக்கிறதோ அதன் எண்ணைப் பதிய வேண்டும். சரிசெய்துவிட்டால் புத்திமதியோடு விட்டுவிடுவார்கள். சரிசெய்யாமல் மறுபடி பறந்தால் உரிமமே போகலாம்.

"அவன்கிட்ட நான் சொல்லிடுறேன்" என்றாள் ஆர்டிஸ். அன்றே டெல்வினை வரச் சொல்லி நான் கூப்பிட்டேன்.

அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். ஆர்டிஸ் எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"என் புருஷன் பேருல நீ பறந்துக்கிட்டிருக்க டெல்வின். கோடை பூரா."

அவர் ஓரடி உள்ளே வந்தார். "எனக்குத் தெரியாது ஆர்டிஸ். சத்தியமா. வெளக்கு எரிஞ்சுது, சரியாயிடுச்சுன்னு நெனச்சேன். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். நான் சொன்னேன். ஃபோன் மணியை, புள்ளியை, ஹாட்டிஷை எல்லாம். அவர் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நான் கீழ எறங்குற வரைக்குமா பாத்தீங்க?"

"ஆமா."

"ஒவ்வொரு தடவையும்?"

"உன்னப் பாக்கல டெல்வின், அந்த நம்பரப் பாத்தேன்." குரலில் கோபம் இல்லை. "போய் மாத்திடு. உரிமம் போச்சுன்னா சனிக்கிழமைக்கு நீ என்ன பண்ணுவ?"

அவர் எழுந்தார். கதவு வரை போய்த் திரும்பி, தன் விமானத்தின் எண்ணைச் சொன்னார். கடைசி இரண்டு எழுத்தும் தன் பேரின் முதல் எழுத்துகள்தான், நினைவில் வைப்பது சுலபம் என்றார். என்னையும் பாருங்கள் என்று இங்கே ஒரு மனிதர் இதைவிட வெளிப்படையாகக் கேட்க மாட்டார். ஆர்டிஸுக்கும் புரிந்தது.

"சரி அப்போ" என்றாள். "காப்பி குடிச்சுட்டுப் போறியா?"

அவர் குடிக்காமல் போனார். மறுநாள் கொட்டகையில் மெக்கானிக் கர்ட் தன் ஃபோனில் எண்ணை மாற்றிக்கொடுத்தார். வேலை சட்டென்று முடிந்துவிட்டதாம்.

அடுத்த சனிக்கிழமை தெளிவான வானம். ஆர்டிஸின் ஃபோன் மேசைமேல் கிடந்தது. மணி அடிக்கவில்லை. வீட்டுக்கு மேலே ஒரு சின்ன எஞ்சின் சத்தம் போனது, வழக்கத்தைவிடத் தாழ்வாக. ஆர்டிஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. தபால் பெட்டி வரை நடக்கலாமா என்று என்னைக் கேட்டாள். நடந்தோம். பிற்பகலில் ஃபோனிலிருந்து அந்த ஆப்பை எப்படி எடுப்பது என்று கேட்டாள். எடுத்துக்கொடுத்தேன். சாப்பாட்டுக்கு ரொட்டிதான்.

சில நாள் கழித்து மளிகைக் கடையில் டெல்வினைப் பார்த்தேன். வண்டியில் டப்பா சூப்புகளாக அடுக்கியிருந்தார்.

"நான் மேல போனத ஆர்டிஸ் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன். படுக்கையில் கிடப்பவர்களிடமே நான் பொய் சொன்னதில்லை. இவர் திடமாக நின்றுகொண்டிருந்தார்.

தலையசைத்தார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, தனியாக இருக்கிறார், தனியாகப் பறக்கிறார். அதனால் நான் பார்த்துக்கொள்ளும் எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னேன்: "எறங்கினதும் எனக்கு ஒரு ஃபோன் போடுங்க டெல்வின்."

செப்டம்பரில் சில சனிக்கிழமைகள் ஃபோன் வந்தது. "எறங்கிட்டேன்." "நல்லது." அவ்வளவுதான் பேச்சு. பிறகு வரவில்லை. நான் கொட்டகைக்கே போனேன். அவர் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"நீங்க உங்க வேலையா நெனச்சுக் கேக்குறீங்க, லவோன்" என்றார் நிமிராமல். "தப்புன்னு சொல்லல."

"ஆமா, வேலையாத்தான்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டார். சக்கரத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு கதவை அகலத் திறந்து விமானத்தை வெளியே தள்ள ஆரம்பித்தார். அது கனமில்லாத விமானம், ஒருவரே தள்ளிவிடலாம்.