வலிக்கு மார்க் போட்ட ஆஸ்பத்திரி

இந்த வருஷச் சாரலுக்கு மதுரையிலிருந்து வந்த என் நாத்தனார், குற்றாலம் பழக்கடை வாசலில் நின்றபடியே ஒரு மங்குஸ்தானை உள்ளங்கைகளுக்கு நடுவே நெரித்துப் பிளந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். செக்கச்செவேல் என்று தோல், உள்ளே ஈரமாக வெள்ளைச் சுளை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்ன மதினி, பழத்தப் பாத்து இப்படி மூஞ்சியச் சுளிக்கிய?"

"எனக்கு ஆகாது" என்று சொல்லி வைத்தேன். நாலு பேர் பழம் தின்றுகொண்டிருக்கும் இடத்தில் வேறு என்ன சொல்வது? ரத்தம் ஊறிய வாய்க்குள் பஞ்சைத் திணித்த மாதிரி இருக்கிறது என்றா? அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்லலாம். சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நான் முதன்முதலாக வேலை பார்த்தது தென்காசியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில். படித்து முடித்த கையோடு கிடைத்த வேலை. இலத்தூரிலிருந்து தினமும் பஸ். பதவியின் பெயர் என்னவோ பெரிசு, ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர். அப்பா அதைக் கடைத்தெருவில் "டாக்டருக்கு அடுத்தபடி எம் மவதான்" என்று மொழிபெயர்த்துச் சொல்லிவந்தார். டாக்டருக்கு அடுத்தபடி இருந்தது எச்சில் துப்பும் பீங்கான் கிண்ணம். அதற்கு அடுத்தபடிதான் நான்.

அந்த இடத்தின் வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. கிராம்புத் தைலம், ஸ்பிரிட், அதற்கெல்லாம் அடியில் வெதுவெதுப்பாக ரத்தம். சேர்ந்த அன்றைக்கே மயங்கி விழுந்தேன். அங்கிருந்த நர்ஸ் மேரி அக்கா, பல் பிடுங்க வந்தவருக்கு வைத்திருந்த சோடாவை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். அதன்பிறகு பல நாள் தக்காளிச் சட்னி இறங்கவில்லை. பீட்ரூட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆராய்ச்சி இதுதான். சில பேருக்கு ஞானப்பல் நேராக முளைக்காமல் ஈறுக்குள் சாய்ந்து புதைந்து கிடக்கும். ஈறைக் கிழித்து, எலும்பைச் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். மரத்துப்போகப் போட்ட ஊசி தெளிந்ததும் வலி உயிரை எடுக்கும். ஒரு கம்பெனி அதற்குப் புது மாத்திரை ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்குப் பழைய மாத்திரை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கொடுத்துவிட்டு உட்காரவைத்து, அவ்வப்போது வலிக்கு மார்க் கேட்க வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் பத்து. சிரிக்கிற மூஞ்சியில் தொடங்கி அழுகிற மூஞ்சி வரைக்கும் வரைந்த ஒரு அட்டையும் உண்டு. தாங்காதவர்கள் கேட்டால் கூடுதலாக வேறொரு மாத்திரை கொடுக்கலாம். கொடுத்தால், முதலில் தந்த மாத்திரை கேட்கவில்லை என்று கணக்கு.

விளக்கிச் சொன்னால் நம்மாட்களுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். செங்கோட்டைக்காரர் ஒருவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எம்மா, இது மாத்திரைக்குப் பரிட்சையா, எங்களுக்குப் பரிட்சையா?" என்றார். அன்றைக்குச் சிரித்தேன்.

ஆராய்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். தலைவலிக்கு நான் போட்டுக்கொள்ளும் மாத்திரையையும் எவரோ எங்கோ உட்கார்ந்து, வலித்துக் காட்டித்தான் சரிபார்த்திருப்பார்கள். எனக்கு அருவருப்பு அதில் இல்லை. மார்க் வாங்கிய விதத்தில்.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். நோயாளி தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவது கிடையாது. கூட ஒருவர் வருவார். டாக்டர் நோயாளியைப் பார்த்துக் கேட்பார், கூட வந்தவர் பதில் சொல்வார். பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, வயிறு போகிறதா, எல்லாவற்றுக்கும் அவர்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் கேட்கவே வேண்டாம், நோயாளி வாயில் பஞ்சு. மருமகளின் வலிக்கு மாமியார் மார்க் போட்டார். தம்பி வலிக்கு அண்ணன் போட்டார். இலத்தூர் விவசாயி ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் மனைவி, "இவுகளுக்கு எப்பமும் எங்கயாவது வலிச்சிக்கிட்டுதான் இருக்கும், நீ ஒண்ணுன்னு எழுதிக்க தாயி" என்று என் முழங்கையைத் தட்டினார்.

போடுகிற மார்க்கும் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போகாது. காசு வாங்காமல் பல்லை எடுத்திருக்கிறார், வலிக்கிறது என்றால் டாக்டர் மனசு கோணிவிடாதா? கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரில் உப்பில்லை என்று கத்துவது மாதிரி அது. மரியாதை தெரிந்தவர்கள் செய்ய மாட்டார்கள்.

இது தெரியாமல் நடந்தது என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆஸ்பத்திரியையும் ஆராய்ச்சியையும் நடத்திய பெரிய டாக்டருக்கு நன்றாகவே தெரியும். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். நோயாளியே தன் வாயால், அல்லது விரலால், மார்க் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்த விதியை எனக்கு முதல் நாள் பாடம் எடுத்ததே அவர்தான். ஆனால் நடையில் போகும்போது, கூட வந்தவரைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, பரவாயில்லதானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். "அருமையா இருக்கு சார்" என்று பதில் வரும். கூடுதல் மாத்திரை யாருமே கேட்காத ஆஸ்பத்திரி என்றால் கம்பெனிக்கு மகா சந்தோஷம், அடுத்த ஆராய்ச்சியும் நமக்கே வரும். எல்லாருக்கும் இரண்டு மார்க் என்றால் மாத்திரைக்குப் பதில் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்திருந்தாலும் ஜெயித்திருக்கும். இதை மேரி அக்காவிடம் சொன்னேன். "சத்தமாச் சொல்லாத ஏட்டி, மிட்டாய் வாங்கிட்டு வந்துருவாவ" என்றார்.

பேச்சியம்மாள் வந்தது அப்போதுதான். வாசுதேவநல்லூர்க்காரி, பீடி சுற்றுகிறவள், முப்பது வயதிருக்கும். பல்வலிக்குப் புகையிலைத் தூளை ஈறில் அடக்கி அடக்கி, அந்தப் பக்கமே புண்ணாகிக் கிடந்தது. வாயைத் திறந்ததும் வந்த வாடையில் நான் அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பல் லேசில் வரவில்லை. பெரிய டாக்டரே காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். எலும்பு சுரண்டுகிற சத்தத்தை எழுத்தில் எழுதத் தெரியவில்லை, தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

கூட வந்தவர் அவள் கணவர் சுப்பையா. எலுமிச்சை கமிஷன் கடையில் எடை போடுகிறவர். வாய் நிறையச் சிரிப்பு, டாக்டரைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவார். அவளைக் கட்டிலில் உட்காரவைத்து நான் அட்டையை நீட்டியதும், அவர் எட்டிப் பார்த்து சிரிக்கிற மூஞ்சிக்குப் பக்கத்து மூஞ்சியில் விரலை வைத்தார்.

"ரெண்டு போடுங்க."

"அண்ணாச்சி, அவங்க சொல்லணும்."

"அவ என்ன சொல்லப் போறா? நல்லாத்தான இருக்கா. ஏட்டி, நல்லாத்தான இருக்க?"

பேச்சியம்மாள் தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்து தாடையில் ரத்தத்தோடு கலந்து சேலையில் சொட்டியது. அடுத்த தடவையும் அவர் இரண்டு என்றார். அவள் கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த பிடியில் விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே சகிக்கவில்லை.

மேரி அக்கா வந்து, "அண்ணாச்சி, இவங்களுக்குக் குளுந்த பால் வேணும், கடைல வாங்கிட்டு வாங்க" என்று அவரை வெளியே அனுப்பினார். அவர் படியிறங்கியதும் நான் அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்தேன். "அக்கா, இப்பச் சொல்லுங்க. விரல்ல காட்டுங்க."

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். மூடினாள். மறுபடியும் பத்தையும் விரித்தாள்.

டாக்டர் அறைக்கு ஓடினேன். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கையோடு, அந்த வாடையில், எப்படித்தான் இறங்கியதோ.

"சார், அவங்களுக்குக் கூடுதல் மாத்திரை வேணும். பத்துன்னு காட்டுறாங்க."

"புருஷன் ரெண்டுன்னு சொன்னாரேம்மா."

"வலி அவருக்கு இல்லையே சார்."

"பொம்பளைங்க கொஞ்சம் கூட்டித்தாம்மா சொல்லுவாங்க. நீ போய்க் கேட்டா பத்துன்னுதான் காட்டுவாங்க. அவங்களா மாத்திரை வேணும்னு கேட்டாங்களா? கேக்கலல்ல? இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்."

"வாயில பஞ்சு வச்சிருக்கோம், எப்படி சார் கேப்பாங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் எனக்குப் பின்னால் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. வாய்க்குள் விரலை விட்டு அந்தப் பஞ்சை உருவி எடுத்தாள். கறுத்துத் தொங்கிய அதைக் கண்ணாடி மேஜையில், முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கூடவே கொழகொழவென்று ரத்தமும் எச்சிலும் மேஜையில் விழுந்து பரவியது.

"வலிக்கி" என்றாள். "எனக்கு வலிக்கி. மாத்திர தாங்க."

டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "ச்சீ!" என்றார். நாள் முழுக்க ரத்தத்தில் கையை விட்டுத் துழாவுகிறவர், தன் மேஜையில் விழுந்ததும் ச்சீ என்கிறார். எனக்கும் குமட்டத்தான் செய்தது. ஆனால் பஞ்சைப் பார்த்து இல்லை.

மாத்திரை கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் பேச்சியம்மாள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினாள். சுப்பையா பாலோடு வந்து மேஜையைப் பார்த்துப் பதறி, டாக்டரிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அந்த மாதக் கடைசியில் டாக்டர், அவள் தன் விருப்பத்தில் ஆராய்ச்சியிலிருந்து விலகிவிட்டதாகச் சொல்லி அவள் மார்க்குகளைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார். இது சரியில்லை என்று சொன்னேன். சத்தம் போட்டும் சொன்னேன். "உனக்கு அனுபவம் போதாது" என்றார்.

ஆராய்ச்சி முடிவைக் குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டில் வைத்துப் படித்தார்கள். நல்ல சாரல், ஜன்னலுக்கு வெளியே மலையே தெரியவில்லை, உள்ளே எண்ணெய் சொட்டச் சொட்ட மீன் வறுவல். கம்ப்யூட்டரில் படங்களைத் தள்ளிவிடும் வேலை எனக்கு. பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்து, புது மாத்திரையின் பெருமையை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் கனிந்த முகத்தோடு, "எங்கள் பகுதி மக்கள் இயல்பிலேயே வலி தாங்கக்கூடியவர்கள்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். மீன் வாடையோடு அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை, வெளியே வந்து சாரலில் நின்றேன். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது அந்த ஆஸ்பத்திரி இல்லை. கட்டடத்தில் பேக்கரி நடக்கிறது. பல் பிடுங்கும் நாற்காலி கிடந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிரீம் பன் அடுக்கியிருக்கிறார்கள். தெரியாதவர்கள் ரசித்துத் தின்கிறார்கள். டாக்டர் மகனோடு வெளியூர் போய்விட்டார். மேரி அக்கா காலமாகிவிட்டார். அவரைத் தவிர, போன எதற்கும் நான் வருந்தவில்லை.

நான் வேலையை விட்டதற்கு அடுத்த வருஷச் சாரலில் ஐந்தருவியில், பெண்கள் பக்கத்துக் கூட்டத்தில் ஒருத்தி என் ஈரத் தோளைப் பிடித்து இழுத்தாள். "மார்க் போடுத பிள்ளதான நீ?" பேச்சியம்மாள். முகம் தெளிந்து, ஆளே சதை போட்டிருந்தாள்.

"எம் மார்க்கு என்னாச்சு?" என்று கேட்டாள்.

மறைக்கத் தோன்றவில்லை. நீங்கள் நடுவில் விலகிவிட்டதாகச் சொல்லிச் சேர்க்கவில்லை என்றேன்.

"நான் எங்க வெலகுனேன்? அங்கனதான கெடந்தேன். வலிக்கின்னு சொன்னேன், அவ்வளவுதான?"

"அப்படிச் சொன்னதாலதான் அக்கா."

அவள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். "அப்பம் எனக்கு வலிச்சதெல்லாம் எங்கன போச்சு?" என்றாள். உடனே கன்னத்தை விரலால் இழுத்து, வாயைத் திறந்து, பல் இருந்த இடத்தை எனக்குக் காட்டினாள். "இந்தா பாரு, இங்கனதான வலிச்சிச்சு."

முகத்தைச் சுளிக்காமல் குனிந்து பார்த்தேன். ஈறு மூடி, வழவழவென்று, அங்கே ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது.