வீட்டுக்காரர் பேர்

வாலாஜாபாத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். திருமுக்கூடலில் மணல் வாரும் வேலை மேஸ்திரியோடு போட்ட சண்டையில் முடிந்திருந்தது. தோளில் ஒரு துணிமூட்டை. பின்னால் வந்த மாட்டுவண்டியில் ஒரு பெண் பச்சைக்குழந்தையோடு படுத்திருந்தாள். தென்னேரிக்காரி. பிரசவமாகி ஒரு நாள் ஆகியும் ரத்தம் நிற்கவில்லை. பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்களாம்.

"கொஞ்சம் ஏறி அவ தலையைப் புடிச்சிக்கினு வாப்பா, ரொம்பக் குலுங்குது" என்றான் அவள் புருஷன். ஏறிக்கொண்டேன்.

ரத்தம் ஏற்றினால்தான் பிழைப்பாள் என்று காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். புருஷன் ரத்தம் சேரவில்லை. என்னுடையது சேரும் போலிருந்தது. மஞ்சள் காமாலை வந்ததுண்டா, மலேரியா உண்டா என்று சோதனை அறைக்காரர் இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன். உண்மையும் அதுதான். பிறகு என் ரத்தத்தையும் அவள் ரத்தத்தில் தெளிந்த நீரையும் கண்ணாடித் தகட்டில் கலந்து, உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா சார் பாக்கறீங்க?"

"திரியுதான்னு பாக்கறேன். சேராத ரத்தம் ஏறினா ஆள் போயிடும். இது திரியல."

என் ரத்தம் பிடித்த பாட்டில் நிறைந்ததும் சீட்டு ஒட்டினார்: அவள் பேர், புருஷன் பேர், ஊர். புருஷன் குழந்தைக்குப் பால் வாங்கப் போய்விட்டான். நான் பெண்கள் வார்டு வாசல் பெஞ்சில் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் கட்டிலில், வயிற்றில் ஆபரேஷன் ஆன நெசவுக்காரர் வீட்டுப் பெண். அவளுக்கும் ரத்தம் ஏற்றவேண்டியிருந்தது. தென்னேரிக்காரி இரண்டாவது கட்டில். நர்ஸம்மா என் பாட்டிலை முதல் கட்டிலில் மாட்டினார்.

"பேர் இன்னாம்மா?"

சொன்னாள். ஊர் அம்மன் பேர். தென்னேரிக்காரிக்கும் அதே பேர்தான். இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருத்திக்காவது அந்தப் பேர் இருக்கும்.

"வீட்டுக்காரர் பேர்?"

புருஷன் பேரை வாயால் எப்படிச் சொல்வாள்? "சாமி பேரு" என்றாள்.

நர்ஸம்மாவே சீட்டில் இருந்ததைப் படித்தார். "இதானே?"

அவள் தலையை ஆட்டினாள். அந்த மயக்கத்தில் எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பாள்.

எழுந்தேன். தலை சுற்றியது. "அது தென்னேரி அம்மாவுக்குக் குடுத்தது, நர்ஸம்மா."

"ஆம்பளைக்கு இங்க இன்னா வேலை? வெளிய போ."

"ஊரைக் கேளுங்க."

"ஒரு பாட்டில் குடுத்ததும் டாக்டராயிட்டியா?"

ஊசி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தது. உள்ளே போய் ரப்பர் குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டேன். நர்ஸம்மா என் கையைப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார்.

"உனக்கு எந்த ஊர்மா?"

"பிள்ளையார்பாளையம்."

நர்ஸம்மா பாட்டிலை இறக்கினார். வேறு ஊசி எடுத்து இரண்டாவது கட்டிலுக்குப் போனார். முதலில் ஊரைக் கேட்டார். ரத்தம் இறங்க ஆரம்பித்த பின்னும் நகரவில்லை. நாடியைப் பிடித்தபடி, "குளிருதா? முதுகு வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே கால் மணி நேரம் நின்றார். ஒவ்வொரு தடவையும் அவள் இல்லை என்றாள்.

மறுநாள் காலை தென்னேரிக்காரி கஞ்சி கேட்டாள். பிள்ளையார்பாளையத்துக்காரிக்கு அவள் தம்பியின் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. நான் மூட்டையை எடுத்தேன்.

"எழுதத் தெரியுமா?" என்று நர்ஸம்மா வாசலில் மறித்தார்.

"அஞ்சாவது வரைக்கும்."

"போதும். ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்ல, நீ இங்கியே இரு. அதுக்கு முன்னே இதை முடி." சின்ன அட்டைகளும் ஒரு நூல்கண்டும் கொடுத்தார். "புருஷன் பேரைக் கேக்காதே. ஊரைக் கேளு."

கட்டில் கட்டிலாகப் போய்ப் பேரையும் ஊரையும் கேட்டு எழுதி, ஒவ்வொருத்தி மணிக்கட்டிலும் கட்டினேன்.