குமாரவேல் வீடு பார்க்கிறான்

வீட்டுக்காரர் குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஷாமிளா கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி, நல்ல வேகம்தான் என்று சிங்களத்தில் ஒத்துக்கொள்கிறாள். பக்கத்தில் நின்ற குமாரவேலைக் காணவில்லை. அவன் மதிலோரம் நின்று அடுத்த வீட்டு அம்மாவிடம் எதையோ விசாரித்துக்கொண்டிருக்கிறான். என்ன விசாரிக்கிறான் என்று ஷாமிளாவுக்குத் தெரியும். இது பதினோராவது வீடு. பதினொரு வீட்டிலும் அவன் கேட்டது ஒரே கேள்விதான்.

இந்த லேனில் மரணாதார சமிதி இருக்கிறதா, வாடகைக்கு வந்தவர்களையும் அதில் சேர்ப்பார்களா?

கேள்வியில் குற்றமில்லை. இரத்தினபுரியைச் சுற்றி எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் அப்படி ஒரு சமிதி இருக்கும். சாவு விழுந்த வீட்டுக்குக் கூடாரம், கதிரை, தேத்தண்ணிக் கோப்பை எல்லாம் அதுதான் கொண்டுவந்து இறக்கும். பாதை நெடுக வெள்ளைக் கொடி கட்டும். பிணத்தோடு விழித்திருக்க ஆள் அனுப்பும். ஆனால் முப்பத்துநாலு வயது மனிதன், ஐந்து வயது மகளையும் பத்து மாதக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வந்து, வாய் திறந்ததும் இதைக் கேட்டால் யாருக்கும் முகம் ஒரு மாதிரியாகத்தான் போகும். வீட்டில் யாருக்காவது சுகமில்லையா என்று ஒருவர் கேட்டே விட்டார். இன்னொருவர் சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

"வாழறதுக்கு வீடு பாருங்கன்னா, நீங்க சாகறதுக்குல்ல வீடு பாக்கறீங்க" என்று ஷாமிளா பஸ்ஸில் வைத்துச் சொல்வாள்.  பஸ் ஏறினால் குமாரவேலுக்குத் தூக்கம் வந்துவிடும். மகள் கேஷானியின் தலைமேல் தன் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி, கஹவத்தை வரைக்கும் தூங்குவான்.

தூங்காமல் என்ன செய்வான்? அவன் பாண் ஓட்டோக்காரன், லேன் லேனாகப் போய் ரொட்டி விற்பவன். மற்றவர்கள் புரண்டு படுக்கும் நேரத்தில் பேக்கரி அடுப்படியில் நின்று தட்டுத் தட்டாக ஓட்டோவின் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். அச்சுப் பாண் கீழே, கிம்புலா பனிஸ் நடுவில், மீன் பனிஸ் மேலே. ஆறு மணிக்குப் பாட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் ஒன்பதுக்குத் திரும்புவான். மறுபடி பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு சுற்று. கிழமையில் ஆறு நாள் பேக்கரி மாடியில் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கை. சனிக்கிழமை இரவு, கஹவத்தைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் மாமியாரின் லயத்து வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அவன் சட்டையில் வரும் மாவு வாசனைக்கு முதலில் ஓடி வருவது நாய்தான். பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.

ஒன்பது வருடமாக ஓடுகிறான். நகரை ஒட்டிய லேன்களில் அவனுக்குத் தெரியாத கேட் இல்லை. எந்த வீட்டு நாய் சங்கிலியில் இருக்கிறது, எந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் தனித்தனியாகப் பாண் வாங்குகிறார்கள், எந்த மதிலில் போன வெள்ளத்தின் கறைக்கு மேல் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறது, எல்லாம் அத்துப்படி. தோட்டத்து ஆட்களுக்கு அதனால் அவன்மேல் ஒரு நம்பிக்கை. குமாரவேலுக்கென்ன, ஊரையே கையில் வைத்திருக்கிறான், நல்ல வீடாகப் பிடித்துவிடுவான் என்று பேசிக்கொள்கிறார்கள். அவனோ எல்லா வீட்டையும் கேட்டுக்கு வெளியே நின்று மட்டும் பார்த்தவன். கேட்டுக்கு உள்ளே அவனைக் கூப்பிட்டவர்கள் குறைவு.

லேன்களில் அவனுக்குப் பெயர் 'குமார மல்லி', குமார தம்பி. சிங்களம் தண்ணீராகப் பேசுவதால் பாதிப் பேருக்கு அவன் தமிழன் என்றே தெரியாது. அவனும் வலியப் போய்ச் சொன்னதில்லை. வருடக்கணக்காக அவனிடம் சீனிச் சம்பல் பனிஸ் வாங்கும் ஒரு அம்மா, தன் வீட்டுப் பின்பகுதி வாடகைக்கு இருக்கிறது, குடும்பத்தோடு வந்து பார் என்று அவராகவே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போனார்கள். ஷாமிளாவின் நெற்றிப் பொட்டையும் கேஷானி கழுத்தில் கிடந்த முருகன் டொலரையும் பார்த்துவிட்டு, அட, நேற்றுத்தான் வேறொருவருக்குப் பேசி முடித்தோம் என்றார். வாடகைக்கு என்ற பலகை இரண்டு மாதம் அந்தக் கேட்டிலேயே தொங்கியது. குமாரவேல் இன்றைக்கும் அவருக்குப் பனிஸ் கொடுக்கிறான், அவரும் 'குமார மல்லி' என்றுதான் கூப்பிடுகிறார். இதில் யாருக்கு யார்மேல் கோபம் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. "அலுப்பா இருக்குங்க, அவ்வளவு தான்" என்பான்.

போன மழையில் லயத்துக்குப் பின்னால் மண் பிளந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, பின்சுவரில் சிவப்பு அடையாளம் போட்டு, ஒக்டோபர் மழைக்கு முன் எல்லோரும் இறங்கிவிட வேண்டும் என்று சொல்லிப் போனார்கள். மாமியார் அன்னலட்சுமிக்குத் தோட்டத்துப் பதிவில் பேர் இருக்கிறது. அவள் கொழுந்து பறிக்கிற காலம்வரை வேறு லயத்தில் ஒரு காம்பரா, ஒற்றை அறை, கிடைக்கும். பேர் இல்லாத மகளுக்கும் மருமகனுக்கும் கிடையாது. கேஷானியை ஜனவரியில் பாடசாலைக்கும் அனுப்ப வேண்டும். ஓகஸ்ட் முடிந்து செப்டெம்பரும் பாதி போன பிறகு ஷாமிளா குரலை உயர்த்தாமல் ஒன்று சொன்னாள்.

"இந்த ஞாயித்துக்கெழம முடிவு சொல்லிருங்க. இல்லாட்டி நான் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு யட்டியாந்தோட்டைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போறேன். மழைக்கு இங்க வச்சிக்கிட்டு இருக்க மாட்டேன்."

யட்டியாந்தோட்டைக்குப் போனால் அவர்கள் அங்கே, அவன் இங்கே. மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் உண்டு. அவள் மிரட்டவில்லை, செய்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் சொன்னதில் நியாயம் இருந்ததும் தெரியும்.

ஆனால் அவன் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் இதே நகரோரத்தில் அவர்கள் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டு அறை, தனிக் குழாய். கேஷானிக்கு அப்போது இரண்டு வயது. பேத்தியைப் பார்க்க வந்த குமாரவேலின் அப்பா இருளப்பன், காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார்.

லயத்தில் ஒரு வீட்டில் அழுகை எழும்பினால் போதும். வீட்டுக்கு வீடு சுவர் ஒன்றுதான். போய்ச் சொல்ல ஆள் தேவையில்லை. கால் மணி நேரத்தில் ஒருவர் பாய் கொண்டு வருவார், ஒருவர் அடுப்பு மூட்டுவார், கொழுந்துக்குப் போனவர்கள் கூடையோடு திரும்பி வருவார்கள். குமாரவேலுக்குத் தெரிந்த சாவு அதுதான். அவன் அப்பாவைக் குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தான். ஷாமிளா உள்ளே அழுதுகொண்டிருந்தாள். எதிர் வீட்டில் தொலைக்காட்சி ஓடியது. பக்கத்து வீட்டில் யாரோ கார் கழுவினார்கள். பின்னேரம் இரண்டு மணிவரை ஒருவரும் வரவில்லை. பிறகு ஒரு வாடகை வேனைப் பிடித்து, அப்பாவைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். அங்கே லயமே ரோட்டில் நின்றது.

மூன்றாம் நாள் சாமான் எடுக்க வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏசினார். ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருப்போமே, எங்களை மனிதர்களாக நினைக்கவில்லையா என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. குமாரவேல் அடுப்பையும் பாயையும் ஓட்டோவில் ஏற்றினான். அந்த வீட்டுக்குப் பிறகு வேறு வீடு எடுக்கவில்லை.

"வந்திருப்பாங்களா மாட்டாங்களானு எனக்குத் தெரியாதுங்க" என்று இப்போதும் சொல்வான். "வர மாட்டாங்கனு தெரிஞ்சா அது ஒரு கணக்கு. நான் சொல்லல. அதனால எங்கப்பா பக்கத்துல ஆளில்லாமக் கெடந்தாரு." இதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் தூக்கக் கலக்கம் இருக்காது.

பதினோராவது வீடும் சரிவராமல், ஷாமிளா கெடு வைத்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டாவது வீட்டைப் பார்த்தார்கள். மேட்டில் இருந்ததால் வெள்ளம் வராது, பின்னால் மலை இல்லாததால் மண்ணும் வராது. தகரச் சீட்டுக் கூரை, அடுப்படியில் ஒரு ஆள் திரும்ப இடமில்லை. ஷாமிளா மூக்கைச் சுளிக்கவும் தெம்பில்லாமல், பரவாயில்லை என்றாள். குமாரவேல் தன் கேள்வியைக் கேட்டான். வீட்டுக்காரர், அதெல்லாம் நாலாவது வீட்டு சோமாவதி அக்காவிடம்தான் கேட்க வேண்டும், அவர்தான் செயலாளர் என்றார்.

சோமாவதியைக் குமாரவேலுக்குத் தெரியும். தினமும் கருகின அச்சுப் பாணாகப் பார்த்து எடுப்பவர், ஓய்வு பெற்ற தபால்காரி. கேட்டைத் திறந்தவர் குமாரவேலைப் பார்த்தார், ஷாமிளாவின் பொட்டைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். அவன் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார். ஷாமிளா பெருமூச்சு விட்டுக் குழந்தையைத் தோள் மாற்றினாள்.

அவர் திரும்பி வந்தது ஒரு விண்ணப்பத் தாளோடு. வெளிக் கதிரைகளைத் துடைத்து இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். வாடகைக்காரர்களையும் சேர்ப்போம், ஆனால் அடுத்த வீட்டில் சாவு விழுந்தால் நீங்களும் வந்து நிற்க வேண்டும், அதுதான் எங்கள் சட்டம் என்றார். குமாரவேல் பள்ளிக்கூடப் பையன்போல் தலையாட்டினான். அவன் சிங்கள எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி எழுதத் தொடங்கியதைப் பார்த்து, உனக்குச் சரளமாக வருகிற எழுத்தில் எழுது தம்பி, வாசிக்க எங்களிடம் ஆள் இருக்கிறது என்றார். குமாரவேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. தாளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

தன் பெயரைத் தமிழில் எழுதினான். ஷாமிளாவின் பெயரை எழுதினான். வேறிடத்தில் இருக்கும் பெற்றோரையும் சேர்க்கலாம் என்பதால் அன்னலட்சுமியின் பெயரையும் எழுதினான். அடுத்த இரண்டு கோடுகள் பிள்ளைகளுக்கு. பேனா தாளைத் தொட்டது, எழுதவில்லை. சின்னவர்கள் பெயரும் வேண்டும், வீட்டில் ஒருவரை விட்டாலும் சமிதி ஏற்காது என்றார் சோமாவதி. முற்றத்தில் கேஷானி பூச்சட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்து, யாரோ வளர்த்த பூனையிடம் தன் பெயரைச் சொல்லி அதன் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வீட்டு வாசலில் சாவைப் பற்றிக் கூசாமல் கேட்டவன் மனைவி பக்கம் திரும்பினான்.

"இதுங்க பேர இதுல எப்பிடிப் புள்ள எழுதறது?"

ஷாமிளா அவனையே பார்த்தாள். குழந்தையை அவன் மடியில் வைத்தாள். அவன் விரலிலிருந்து பேனாவை எடுத்து, தாளைத் தன் பக்கம் இழுத்து, கேஷானி, டிலக்ஷன் என்று இரண்டு கோட்டிலும் நிதானமாக எழுதினாள். தாளைச் சோமாவதியிடம் கொடுத்துவிட்டு, பேனாவை மூடி அவன் சட்டைப் பையில் செருகினாள். செருகிய கையை எடுக்காமல் அவன் நெஞ்சின் மேல் அப்படியே வைத்திருந்தாள்.