அணைக்காத வண்டி

மத்தியானம் சாப்பிட வரும்போது உத்தமன் வண்டியை அணைப்பதில்லை. ஈஜிபுராவில் அவர்கள் குடியிருந்த சந்தின் முனையில் அந்தச் சின்ன லாரி உறுமிக்கொண்டே நிற்கும். அவன் உள்ளே வந்து கையைக் கழுவி, சோற்றைப் பிசைந்து, பாதி மென்றும் பாதி மெல்லாமலும் விழுங்கிவிட்டு ஓடுவான். மாடி வீட்டுக் கன்னடக்காரர் மேலிருந்து, “ஆஃப் மாடப்பா, புகை எல்லாம் ரூமுக்குள்ள வருது” என்பார். எதிர்வீட்டு லாவண்யாவுக்கு அது தினசரி வேடிக்கை.

“ஏன்கா, உங்க வீட்டுக்காரரு கட்டினது உங்களையா, அந்த வண்டியையா? அதை விட்டுட்டு ஒரு வாய் சோறு நிம்மதியா துன்ன மாட்டேங்கறாரே.”

மங்களம் சிரித்து வைப்பாள். பதில் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. எட்டாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டு, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இந்த ஊரில் அவள் பேசியது கொஞ்சம், பார்த்தது அதிகம். விடியற்காலையில் ஒரே சாவியில் எழும் வண்டி, சூடாகி நின்றுவிட்டால் எழுவதில்லை என்பதையும் அப்படித்தான் கண்டுகொண்டாள்.

காரணத்தை டொமினிக் சொன்னார். லிங்கராஜபுரத்தில், எஞ்சினுக்கு டீசலைச் செலுத்தும் பம்புகளைப் பழுதுபார்க்கும் கடை அவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்து கடையைத் திறந்தவர், வண்டியின் மூடியைத் தூக்கிப் பம்பைப் பார்த்துவிட்டு உத்தமனிடம் உதட்டைப் பிதுக்கினார்.

“என்ன குரு, இதைப் போய் என்கிட்ட எவ்ளோ நாள் வரும்னு கேக்கறே? சுத்தமான டீசல் ஊத்தி, ஃபில்டரை நேரத்துக்கு மாத்தினா நாலஞ்சு லட்சம் கிலோமீட்டர் வரும். தண்ணி கலந்த டீசல் ஒரு டேங்க் போட்டா ஒரே மாசத்துல கூட போகும். உன்னுது ஏற்கெனவே ரெண்டு தடவை பிரிச்சு மாட்டினது. உள்ள தேஞ்சிருச்சு. சூடானா டீசல் இளகி, அந்த இடுக்குல ஒழுகிரும். அப்புறம் எங்க ஸ்டார்ட் ஆகறது?”

“பொங்கல் வரைக்கும் தாங்குமாண்ணே?”

“அணைக்காம ஓட்டு. தாங்கினா உன் அதிர்ஷ்டம்.”

பொங்கல் வரைக்கும் என்று உத்தமன் கேட்டது சும்மா இல்லை. டைல்ஸ் கடை ஞானசேகரன் தன் லோடு முழுவதையும் அவனுக்கே கொடுத்துக்கொண்டிருந்தார். தை மாதத்துப் புதுமனைகளுக்காக வேலை மும்முரமாக இருந்தது. பம்பைக் கழற்றி வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தினால் லோடு வேறு ஆளுக்குப் போய்விடும், போனால் திரும்பாது. பத்து வருஷத்துக்கு மேல் அடுத்தவர் வண்டி ஓட்டியவன் அவன். முதலாளியின் நாயைக் குளிப்பாட்டியதுகூட உண்டு. இனிமேல் அந்தப் பிழைப்புக்குப் போவதில்லை என்றுதான் இந்த லாரியை வாங்கினான்.

தவறிப்போய் எங்காவது வண்டி நின்றுவிட்டால் உத்தமனிடம் ஒரு வழி இருந்தது. கோணிச்சாக்கை நனைத்துப் பிழிந்து பம்பின் மேல் போர்த்திவிட்டு, ஒரு டீ குடித்து வருவான். மெல்ல மெல்லச் சூடு இறங்கியபின் வண்டி எழும். சந்து முனையில் இரண்டு தடவை மங்களமே சாக்கை நனைத்துக் கொடுத்திருக்கிறாள்.

மார்கழியில் ஒரு நாள், சாப்பிட்டுவிட்டுப் போய் வண்டியை நகர்த்தும்போது கிளட்சிலிருந்து கால் வழுக்கியது. குலுங்கி நின்றது லாரி. பின்னால் முழு லோடு. சந்தின் வாயை அது அடைத்துக்கொள்ள, ஆட்டோக்கள் ஹாரனை அடிக்கத் தொடங்கின. ஞானசேகரன் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். உத்தமன் சாக்கைப் போர்த்திவிட்டு, போனைக் காதில் வைத்தபடி சத்தம் இல்லாத இடம் தேடிச் சந்துக்குள் நடந்தான்.

“தோ வந்துட்டேன் சார், பத்து நிமிஷம் சார்.” அந்தக் குரலில் இருந்த பணிவு மங்களத்துக்குப் பிடிக்கவில்லை. பழைய முதலாளிகளிடம் பேசுகிற குரல் அது.

முனையிலேயே மீன் கடை. அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாள். வாய் திறந்து எதையும் கேட்காதவள், அன்றைக்கு ஐஸ் கேட்டாள். ஈரச்சாக்கு அரை மணியில் செய்வதை ஐஸ் தண்ணீர் ஒரு நிமிஷத்தில் செய்துவிடாதா? சாக்கை விலக்கி, கொதித்துக்கொண்டிருந்த பம்பின் மேல் பக்கெட்டைச் சாய்த்தாள். உஸ்ஸென்று ஆவி எழுந்தது. தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

உத்தமன் ஓடிவந்து சாவியைத் திருகினான். உள்ளே ஏதோ முறிந்தது. அதன் பிறகு ஸ்டார்ட்டர் மட்டும் வெறுமனே சுற்றியது. அவன் இறங்கி வந்தான். பம்பின் அடியில் கரையாமல் கிடந்த ஐஸ் துண்டுகளைப் பார்த்தான். பக்கெட்டைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

மறுநாள் டொமினிக் கடையில் அவளும் நின்றாள். பம்பைப் பிரித்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெளிய சட்டுனு சுருங்கியிருக்கு, உள்ள சுத்தற ரோட்டார் சூடாவே இருந்திருக்கு. புடிச்சிக்கிச்சு, ஷாஃப்டும் ஒடிஞ்சிருச்சு. தண்ணி ஊத்தினியா?”

“இல்லண்ணே. அதுவா நின்னுச்சு.”

டொமினிக் அவனைப் பார்த்தார். பிறகு மங்களத்தைப் பார்த்தார். “சரி, எப்படியும் போக வேண்டியதுதான்” என்றார். இந்த மாடலுக்குப் புது பம்ப் வர நாளாகும், பழசு கிடைத்தாலும் அது இன்னொருவன் தேய்த்துப் போட்டதாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே கையைத் துடைத்தார். அதற்குள் ஞானசேகரன் வேறு வண்டி பிடித்துவிட்டார். வண்டியை எஃப்.சி. தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டிய நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. லாரி நின்ற நிலையிலேயே விலைபோனது.

உத்தமன் இப்போது மறுபடி ஒரு முதலாளியின் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறான். புது வண்டி, எத்தனை சூட்டிலும் ஒரே சாவியில் எழும். ஐஸைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் அவள் அழுதாவது தீர்த்திருப்பாள்.

மத்தியானம் டேங்கரைச் சந்து முனையில் அணைத்துவிட்டு வருகிறான். அவசரமில்லாமல் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறான். மாடி வீட்டுக்காரருக்குக் கத்த வேலையில்லை. அவன் சோறு மெல்லும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்கிறது.

“இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?” என்று கேட்கிறாள்.

“போதும்.”